வெள்ளமும் வினையும்

வெள்ளத்தில் வீடிழந்தோரைக் கண்டு, "அவரவர் வினைப்பயன்" என்று கூறி அமைவது நம்மில் பலருக்கும் வழக்கம். வினைக்கொள்கை நம் அறத்தின் அடித்தளம், அதில் ஐயமில்லை. ஆயினும் அக்கொள்கை நம் கடமையைக் குறைக்கின்றதா, கூட்டுகின்றதா என்பது எண்ணத்தக்கது.

2015 டிசம்பர் முதல் நாள் பெருமழை பொழிந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டதாக அரசுக் கணக்கு கூறிற்று. அடையாறு கரை கடந்து சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்காயர் அறிக்கை, இதனை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே குறித்தது. மழை இயற்கையின் செயல். நீர்வழியை அடைத்தது மனிதர் செயல். தியாகராய நகரே 1920-களில் மயிலாப்பூர் நீண்ட ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்து எழுந்ததுதான். 2021 நவம்பரில் அதன் தெருக்களில் நீர் தேங்கியதில் வியப்பென்ன?

உமாஸ்வாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தில், பிரமாதத்தால் உயிர்க்குக் கேடு விளைவிப்பதே இம்சை என வரையறுத்தார். இன்று நாம் இசைக் கச்சேரியையும் விருந்தையும் 'பிரமாதம்' என்று பாராட்டுகின்றோம். ஆகமத்தில் அச்சொல்லுக்குச் சோர்வு, கவனமின்மை என்பதே பொருள். வினை கட்டுறுதற்குரிய காரணங்கள் ஐந்தனுள் அதுவும் ஒன்று. நம் முனிவர்கள் நான்கு முழ நிலத்தை முன்நோக்கி அடிவைப்பதும், மழைக்காலத்தில் ஓரிடத்தே தங்குவதும் இச்சோர்வை விலக்கவே.

இல்லறத்தார்க்கு அந்த முன்நோக்கு, இடரை மதிப்பிடுதலேயாம். அம்மதிப்பீட்டுக்குக் கேள்விகள் மூன்று. நீர் எவ்வளவு உயரம் வரும்? அங்கு இருப்போர் யார்? அவர்களால் தப்ப இயலுமா?

'நூறாண்டு வெள்ளம்' என்ற சொல்லைக் கேட்டு, இனி நம் காலத்தில் வாராது என்று ஆறுதல் கொள்வோர் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் அது வருவதற்கு 100-இல் 1 வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். ஒரு வீட்டில் 30 ஆண்டு வாழ்வோர் அதனை ஒரு முறையேனும் காணும் வாய்ப்பு ஏறத்தாழ 4-இல் 1. சென்ற ஆண்டு வந்துவிட்டதால் இவ்வாண்டு வாய்ப்புக் குறைந்துவிடுவதுமில்லை.

மூன்றாம் கேள்வியே அறத்தின் பாற்பட்டது. ஒரே வெள்ளம் மூன்றாம் மாடியில் இருப்பவர்க்கு மின்சாரமில்லாத இரவாகும்; தரைத்தள வாகன நிறுத்தத்தில் உறங்கும் காவலாளிக்கு உயிர்க்கேடாகும். இன்னொன்றும் எண்ணுவோம். நீர் நின்ற சுவருக்குப் புது வண்ணம் பூசி, வாய் திறவாமல் வீட்டை விற்பது முறையாகுமா? "வாங்குபவர் கேட்கவில்லையே, சொன்னால் சில லட்சம் குறையுமே" என்பர். குறையும், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சில லட்சத்துக்காக நாம் விற்பது, இன்னொருவர் குழந்தைகள் உறங்கப்போகும் அறையையன்றோ? கேட்டபோது பொய் உரையாமை மட்டும் சத்தியமாகாது. அறிந்த இடரை, அறியாதார் தலையில் இறக்கி வைக்கும் மௌனமும் இம்சையின் பாற்பட்டதே.

ஆகவே ஐப்பசி மழைக்கு முன் ஒவ்வொரு குடும்பமும் சில செய்யலாம். முன்பு நீர் நின்ற அளவை வாயிற்சுவரில் அழியாமல் குறித்து வைக்கலாம். காவலாளி இரவில் தங்க மேல்தளத்தில் ஓர் இடம் ஒதுக்கலாம். தெருவில் தனித்து வாழும் முதியோர் யார், அவர்களை அழைத்துவரப் பொறுப்பேற்பவர் யார் என்று பெயர் எழுதி வைக்கலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை.

பிறர்க்கு வந்த துன்பம் எப்பிறவி வினையென்று ஆராயும் அறிவு நமக்கில்லை. அத்துன்பத்துக்கு நம் சோர்வு நிமித்தமாயிற்றா என்று ஆராயும் அறிவோ நம் ஒவ்வொருவர்க்கும் உண்டு.