எல்லையில் நிற்கும் சான்றிதழ்

பதவி உயர்வு வந்தது, கூடவே ஹூப்ளிக்கு மாற்றல். மகள் ஸ்ரீரங்கத்தில் பதினொன்றாம் வகுப்பு. 'குடும்பத்தோட போயிருங்க. ஊரு மாறுனா சாதியும் மறந்துரும்'னு பொன்மலைத் தோழர் ஒருத்தர் சொன்னார்.

சாதி மறக்காது தோழர். செல்லாமல் போவது சான்றிதழ்தான். அரசியல் சட்டத்தின் 341ஆம் பிரிவு பட்டியல் சாதிகளை அந்தந்த மாநிலத்துக்கென்றே வரையறுக்கிறது. தகப்பனின் வேலைக்காக ஆந்திராவிலிருந்து சிறுவயதில் பம்பாய்க்குப் போன பழங்குடிப் பையன் அங்கே மருத்துவ இடம் கேட்டான். சொந்த மாநிலத்து இடஒதுக்கீடு இங்கே செல்லாது என்றது உச்சநீதிமன்றம், 1990இல். 2018இலும் அதையே உறுதிசெய்தது. மத்திய அரசு இடங்களுக்குச் சான்றிதழ் செல்லும், மாநில இடங்களுக்குச் செல்லாது.

தீர்ப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த மண்ணில் மிதிபட்டவனின் பங்கில் நாம் கை வைக்கலாமா? ஆனால் 'நீங்க என்ன ஆளுங்க?'ன்னு வீட்டுக்காரன் கேட்பதற்கு மட்டும் எல்லை கிடையாது. சித்திரை வீதியில் வீடு கேட்டுத் திரும்பி, காவிரிக்கு இக்கரையில் குடியேறியவன் நான். மகள் தினமும் பாலம் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறாள்.

என் அப்பா ஊரைவிட்டுத் திருச்சிக்கு வந்தபோது என்னைக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதுமில்லை, சேரியை விட்டு எங்கே போனாலும் லாபம்தான். எனக்கு அந்தச் சுலபம் இல்லை. உயர்வு எனக்கு, இழப்பு அவளுக்கு.

கேட்டேன். 'நீங்க போங்கப்பா. நானும் அம்மாவும் இங்கயே இருக்கோம், பிளஸ்டூ முடியட்டும்' என்றாள். பதினாறு வயசுப் பிள்ளை என்னை விடுவிக்கிறாளா, தன்னையா? உத்தரவு மேசைமேல் கிடக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை.