பாகவதரும் யோபுவும்

என் அப்பா பக்கிங்காம் கால்வாயில் படகோட்டியவர். பழவேற்காட்டிலிருந்து கிளிஞ்சலும் விறகும் மெட்ராசுக்குப் போகும். சரக்கு இறங்கியதும் மற்றவர்கள் படகிலேயே படுத்துவிட, இவர் பிராட்வே தியேட்டருக்கு நடையைக் கட்டுவார். அங்கே ‘ஹரிதாஸ்’. 1944 தீபாவளிக்கு வந்து மூன்று தீபாவளி கண்ட படம்.

அந்த ஓட்டத்தின் பெரும்பகுதியில் அதன் நாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதர் சிறையில் இருந்தார். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. 1945இல் தீவாந்திர தண்டனை. கால்களை இழந்து மனம் திருந்திய மகனாகத் திரையில் பாடுகிறார், ஆளோ கம்பிக்குப் பின்னால். பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பிய வழக்கில், 1947 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. ‘ராஜமுக்தி’ எடுத்தார், ஓடவில்லை. பழைய நாள் திரும்பவே இல்லை. 1959 நவம்பர் 1ஆம் தேதி, 49 வயதில் போய்ச்சேர்ந்தார்.

“முன்வினை” என்பார் என் அத்தை. மகிமை மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவர்தான். ஆனால் வினை என்று வந்துவிட்டால் கிறிஸ்தவர்களான எங்கள் நடூர் மாதா குப்பத்துக்கும் இந்துக்களின் கோட்டைக்குப்பத்துக்கும் வித்தியாசமில்லை. எனக்கு அந்தப் பேச்சே ஆகாது. நீதிபதிகள் விட்டுவிட்டவரை அது மறுபடி கூண்டில் ஏற்றுகிறது. இந்தப் பிறவியில் குற்றம் அகப்படாவிட்டால் போன பிறவியில் தேடும். அங்கே குறுக்கு விசாரணை செய்ய வக்கீல் ஏது? பைபிளில், சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபுவிடம் நண்பர்கள் வந்து சொன்னதும் இதுதான்: நீ ஏதோ செய்திருக்கிறாய். கடைசியில் கடவுள் சினந்தது அந்த நண்பர்கள்மீது.

ஆனால் யோபுவுக்கு எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பியது. பாகவதருக்கு அது நடக்கவில்லை. அதே வழக்கு, அதே தண்டனை, அதே விடுதலை பெற்ற நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனோ ‘நல்லதம்பி’, ‘மணமகள்’ என்று எழுந்து நின்றார்.

பழவேற்காடு ஏரியில் மீன்பிடிக்க எங்களுக்குப் பாடு முறை உண்டு. எந்த நாள், எந்த இடம், யார் வலை என்பது சீட்டுப் போட்டு வரும். இறால் இல்லாத இடம் விழுந்தவனைப் பாவி என்று யாரும் சொல்வதில்லை. முறை மாறும் என்று தெரியும். சினிமாவில் முறை சுற்றி வருவதில்லை. பாட்டுக்காகப் படம் பார்த்த சனம் வசனத்துக்குக் கைதட்டப் போய்விட்டது. அந்த வசனப் படமான ‘பராசக்தி’ வந்த 1952இலேயே பாகவதரின் ‘அமரகவி’யும் வந்தது.

“கிருஷ்ணனுக்கு மட்டும் வினை இல்லையா?” என்று அத்தையைக் கேட்டேன்.

“அவர் அள்ளிக் கொடுத்தவர்டா.”

“பாகவதரும் யுத்த நிதிக்குக் கச்சேரி செய்து கொடுத்தவர்தானே அத்தை?”

“அது வெள்ளைக்காரனுக்கு” என்றார், யோசிக்காமலே.