பெட்டியில் பலகாரமும் நெஞ்சில் விரதமும்

சாரல் காலம் தொடங்கிவிட்டால், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடைப்பட்ட நம் மேலகரத்துச் சாலையில் வண்டிகள் ஓய்வதில்லை. அருவியில் நீராடித் திரும்புவோர் கையில் நேந்திரங்காய் வறுவல் பொட்டலம் ஒன்றேனும் இருக்கும். அப்பொட்டலங்களில் சில, வீட்டோடு நில்லாமல் கடல் கடந்தும் செல்கின்றன. அயல்நாட்டில் வாழும் மக்களைக் காணப் புறப்படும் பெற்றோரின் பெட்டியில் துணிமணிக்கு முன்பே வறுவலும் முறுக்கும் தட்டையும் பருப்புப்பொடியும் இடம் பிடித்துக்கொள்கின்றன.

நம்மவர்க்கு இது நாவின் ஆசை மட்டுமன்று. கிழங்கு வகைகளை விலக்கியவர்களும், பொழுது சாய்ந்தபின் உண்ணாதவர்களும் அயல்நாட்டில் இறங்கியவுடன் எதை நம்பி உண்பது? நம் நாட்டுப் பொட்டலங்களில் சைவ உணவுக்குப் பச்சைப் புள்ளி உண்டு. அங்கே அத்தகைய பொது அடையாளம் பெரும்பாலும் இல்லை. பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளும், மிட்டாயில் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுத்த பசையும் சேர்ந்திருக்கக் கூடும். ஆகவே கொல்லாமை விரதத்தைக் காக்கும் பொருட்டே பலகாரம் கொண்டு செல்கிறோம் என்று நாம் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் அவ்விரதத்தைக் காப்பதற்காக மற்றொரு விரதத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடலாமா என்பதே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட வினா.

முதலில் நம் பிழையைச் சொல்லிவிடுதல் முறை. முதன்முறை மகளின் இல்லத்துக்கு அமெரிக்கா சென்றபோது, வறுவலோடும் பொடியோடும் சிறு துணிப்பையில் சீரகச்சம்பா அரிசியும், ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலையும் நம் பெட்டியில் இருந்தன. பேரன் தொலைபேசியில், “பாட்டி, உணவுப்பொருள் உண்டா என்று கேட்டிருக்கும் இடத்தில் ‘இல்லை’ என்றே குறித்துவிடுங்கள். ‘உண்டு’ என்றால் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள், நேரமாகிவிடும்” என்றான். நாமும் அவ்வாறே குறித்தோம். ஒருவரும் தடுக்கவில்லை. அன்று மாலை மகள் வீட்டில் சாமாயிகத்துக்கு அமர்ந்தபோதுதான் மனம் ஒருமைப்படவில்லை. ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் அமர்ந்த வகுப்பில், பார்த்தெழுதிய மாணவனை எழுப்பி நிறுத்தி அறம் உரைத்த அதே கை, வயது முதிர்ந்தபின் ஒரு சிறு கட்டத்தில் பொய்க்குறி இட்டிருந்தது.

“ஒரு பொட்டலம் பலகாரம், இதில் யார் பொருளை யார் திருடினார்?” என்று கேட்போர் உண்டு. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் கள்ளாமை அணுவிரதத்துக்குரிய ஐந்து அதிசாரங்களை வகுத்துள்ளார். திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருளை ஏற்றல், அரச ஆணைக்கு மாறாக நடத்தல், அளவையில் கூட்டிக் குறைத்தல், போலிப்பொருள் கலந்து விற்றல் என்பன அவை. இவற்றுள் மூன்றாவதற்கு விருத்த ராஜ்யாதிக்ரமம் என்று பெயர். சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனையே விலோபம் என்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட இந்நூல்கள் விமான நிலையத்தை அறிந்திரா. எனினும் எல்லைகளையும் சுங்கச்சாவடிகளையும் நன்கறிந்த காலத்தில் எழுந்தவை. காவிரிப்பூம்பட்டினத்தில் ஏற்றுமதி, இறக்குமதிப் பொருள்களுக்குப் புலிப்பொறி இட்டு அனுப்பிய காட்சியைப் பட்டினப்பாலையில் காண்கிறோம்.

இக்குற்றத்தைப் பொய்யாமையின் கீழ் வையாமல் கள்ளாமையின் கீழ் வைத்தது ஏன்? சிந்தித்தால் பொருள் விளங்கும். களவாவது கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்ளுதல். பலகாரம் நம்முடையதே, ஐயமில்லை. ஆனால் அதனை அந்நாட்டினுள் கொண்டு நுழையும் இசைவு நம்முடையதன்று. அந்நாட்டார் கொடுக்க வேண்டியது. கேளாமல் நுழைந்தால், கொடாத இசைவை நாமே எடுத்துக்கொண்டவராகிறோம். வீட்டுக்காரர் அறியாமல் பின்வாசல் வழியே நுழைந்தவன், உள்ளே ஒன்றையும் தொடவில்லை என்று சொல்லித் தப்ப முடியுமா?

இனி, கொல்லாமையைக் காட்டி வாதிடுவோர்க்கு விடை கூறுவோம். அந்நாட்டார் உணவைத் தடுப்பது நம் சமையலின்மேல் கொண்ட வெறுப்பால் அன்று. நம் நாட்டுத் தானியக் களஞ்சியங்களில் காணப்படும் கப்ரா என்னும் சிறு வண்டு, 1953இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துக் கிடங்குகளில் கண்டறியப்பட்டது. அதனை ஒழிக்க 1966 வரை முயன்று, ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் டாலர் செலவிட்டனர். கிடங்குகளை முழுதாக உறையிட்டு மூடி நச்சுப்புகை செலுத்தினர். அப்புகை கப்ரா வண்டை மட்டும் தேடிக் கொன்றிராது. உள்ளிருந்த சிற்றுயிர் அனைத்துக்கும் அதே கதிதான். இவ்வண்டு உள்ள நாடுகளிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுவருவதை 2011இல் அமெரிக்கா தடை செய்தது இக்காரணத்தாலேயே. பச்சைக் கறிவேப்பிலையின் கதையும் இத்தகையதே. அதில் வாழும் ஒருவகைச் சாறுண்ணிப் பூச்சி, ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்புவது. 2005இல் புளோரிடாவில் அந்நோய் தென்பட்டபின், அம்மாநிலத்து ஆரஞ்சுத் தோட்டங்கள் பெரிதும் அழிந்தன. எஞ்சியவற்றில் பூச்சிமருந்து தெளிப்பு மிகுந்தது.

இது தொலைதூரத்துச் செய்தி என்று எண்ண வேண்டா. 2021 சனவரியில் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் பறவைக் காய்ச்சல் கண்டபோது, நோய் பரவாதிருக்கப் பல்லாயிரம் வாத்துகள் கொல்லப்பட்டன. நம் தென்காசி மாவட்டத்துப் புளியரைச் சாவடியில் அங்கிருந்து வரும் வண்டிகளுக்கு மருந்து தெளிக்கப்பட்டது. எல்லையில் சற்று நேரம் வண்டியை நிறுத்துவது எவ்வளவு உயிர்க்கொலையைத் தடுக்கக்கூடும் என்பதை நாம் அருகிலிருந்தே அறிந்தோம்.

கவனமின்மையோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு விளைவித்தலே இம்சை என்று நம் ஆகமம் இலக்கணம் கூறுகிறது. துணிப்பையில் வண்டு உண்டா, இலையில் பூச்சி உண்டா என்று பாராமலும், பார்க்க வல்லாரிடம் காட்டாமலும் மறைத்துச் செல்வது பிரமாதம் அன்றி வேறென்ன? நீரை வடிகட்டிப் பருகும் நாம், பெட்டியையும் பிறர் வடிகட்ட இடம் கொடுத்தல் வேண்டாவா? ஆக, கொல்லாமைக்காகப் பொய் சொன்னோம் என்பது நில்லாத வாதம். அப்பொய்யே கொலைக்கு வழி திறக்கக் கூடும்.

மற்றொரு தடை எழலாம். திருக்குறளில் வாய்மை அதிகாரத்தின் இரண்டாம் குறள், குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்னும் கருத்துடையதன்றோ என்று கற்றறிந்தோர் வினவலாம். அங்கே நன்மை குற்றமற்றதாக இருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையை நோக்குக. வேடனுக்கு மான் சென்ற திசையை மறைப்பவன் மானைக் காக்கிறான். தனக்கென ஒன்றும் பெறுவதில்லை. நாம் ‘இல்லை’ என்று குறித்ததனால் காக்கப்பட்ட உயிர் எது? காக்கப்பட்டவை நம் அரைமணி நேரமும் நம் வறுவலுமே. தன்னலத்துக்குச் சொன்ன பொய்க்கு அக்குறளில் இடமில்லை.

இரண்டாம் முறை சென்றபோதும் முன்போலவே அரிசியும் கறிவேப்பிலையும் பெட்டியில் இருந்தன. அவற்றின் தடையை அன்றுவரை நாம் அறியோம். ஆனால் இம்முறை ‘உண்டு’ என்றே குறித்தோம். தனி வரிசைக்கு அனுப்பினர். அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்து வினவினார். நாம் அறிந்த ஆங்கிலத்தில் வாழைக்காய், பருப்பு, அரிசிமாவு என்று விளக்கினோம். அரிசியையும் கறிவேப்பிலையையும் எடுத்துக்கொண்டு, காரணத்தையும் கூறினார். வறுவலையும் முறுக்கையும் பொடியையும் திருப்பித் தந்தார். அபராதம் இல்லை, கடுஞ்சொல்லும் இல்லை. உள்ளதை உள்ளவாறு அறிவித்தவர்க்கு, பொருள் தடை செய்யப்பட்டதாயினும் தண்டம் இல்லை என்பதே அங்குள்ள முறை. நியூசிலாந்திலோ, அறிவியாமல் கொண்டு வந்து அகப்பட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் தண்டம் விதிக்கப்படும். எனினும், தண்டத்துக்கு அஞ்சி உண்மை பேசுவது விரதமாகாது. அகப்படமாட்டோம் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் என்ன செய்கிறோம் என்பதே விரதத்தின் உரைகல்.

இல்லறத்தார் கைக்கொள்ளத்தக்க சிலவற்றைச் சுருங்கக் கூறுவோம். பலகாரம் கடைப்பொட்டலமாகப் பிரிக்கப்படாமல், உட்பொருள்களின் பெயர் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டதாக இருத்தல் நன்று. வீட்டில் செய்தவற்றுக்கு நாமே ஒரு தாளில் எழுதி உடன் வைக்கலாம். செல்லும் நாட்டின் விதியைப் பிள்ளைகளைக் கொண்டு முன்னரே அறிதல் வேண்டும். நமக்கு எளிய கசகசாவை ஐக்கிய அரபு நாடுகளும் சிங்கப்பூரும் போதைப்பொருளோடு சேர்த்துத் தடுத்துள்ளன. “என் மகனிடம் இதைச் சேர்த்துவிடுங்கள்” என்று அயலார் தரும் பொட்டலத்தைத் திறந்து பாராமல் பெட்டியில் வைத்தல் கூடாது. நம் பெட்டியில் உள்ளதற்கு நாமே பொறுப்பு.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் என் செய்வது? பழமும் பாலும் எந்நாட்டிலும் கிடைக்கும். அதுவும் இயலாத பொழுதுக்கு உபவாசம் என்னும் பெருஞ்செல்வம் நம்மிடம் உண்டு. ஒரு வேளை உண்ணாதிருக்கப் பழகியவர்க்குப் பொய் சொல்லும் தேவை எந்தச் சாவடியிலும் நேராது.

அன்று வெளியே காத்திருந்த பேரன், “ஏன் பாட்டி இவ்வளவு நேரம்?” என்றான். “‘உண்டு’ என்று குறித்தேன்” என்றோம். அவன் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பெட்டியைத் தானே தள்ளிக்கொண்டு வந்தான். அடுத்த ஆண்டு அவன் இந்தியாவிலிருந்து திரும்பும்போது நாம் கட்டித்தந்த பொட்டலங்களை எண்ணி, ஒவ்வொன்றின் பெயரையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டான். அறவகுப்பில் நாம் பல்லாண்டுகள் உரைத்தவை எத்தனை பிள்ளைகளிடம் தங்கினவோ, அறியோம். சிறு கட்டம் ஒன்றில் இட்ட குறி ஒரு பிள்ளையிடம் தங்கியது.

அறம் வளர்க!