குறைந்தது யார் பங்கு?

தீபாவளி முடிந்த வாரம், மும்பை மாட்டுங்கா சந்தையருகே ஒரு சிறு கடை. தாராவிப் பெண்கள் தைத்த துணிப்பைகள். விற்பனையில் ஒரு பங்கு பிள்ளைகளின் படிப்புக்கு என்று ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. 120 ரூபாய்ப் பை அன்று 60 ரூபாய். நான்கு வாங்கினேன். செம்பூர் வீட்டில் ஒன்றைப் புரட்டிப் பார்த்தபோது, கைப்பிடி சேருமிடத்தில் பெருக்கல் குறிபோல் இரட்டைத் தையல். எவ்வளவு கனம் வைத்தாலும் அறுந்துவிடக் கூடாது என்று முகம் தெரியாத ஒருவர் பட்ட அக்கறை அது. நல்ல காரியம் செய்த நிறைவும் பாதி விலைக்கு வாங்கிய மகிழ்ச்சியும் அந்தத் தையலுக்கு முன் ஒன்றையொன்று உறுத்தின.

இந்த உறுத்தல் நமக்குப் புதிதன்று. ரிப்பன் கபூரும் ஆறு நண்பர்களும் 1979-ல் 50 ரூபாயோடு குழந்தைகளுக்கான ‘க்ரை’ அமைப்பைத் தொடங்கியது இதே மும்பையில்தான். அதன் வாழ்த்து அட்டையை வாங்கியவர்கள், ஒரு குழந்தைக்குச் சேரட்டும் என்றே வாங்கினார்கள். கதர் வாங்கவோ, காந்தி ஜெயந்தித் தள்ளுபடி வரட்டும் என்று நம் வீடுகளில் காத்திருந்தோம். அந்தத் தள்ளுபடியை அரசு ஈடுகட்டியது. ஆனாலும் சலுகை வாங்குபவருக்கே போனது. 2010-ல் அதற்குப் பதிலாகச் சந்தை வளர்ச்சி உதவித் திட்டம் வந்தது. உற்பத்தி மதிப்பில் 20 சதவீதம் உதவித்தொகை. அதில் கால் பங்கு நூற்பவருக்கும் நெய்பவருக்கும் போனது. துணிக்குப் பின்னால் இருந்த கைகள் அந்தக் கணக்கில் இடம்பெற்றன.

மலிவாக வாங்குவது பாவமன்று. தேங்கிக் கிடக்கும் பையால் யாருக்கும் பயனில்லை. கையில் குறைவாக உள்ளவரும் நல்ல காரியத்தில் பங்கெடுக்கத் தள்ளுபடி வழிவிடுகிறது. ஆயினும் விலை குறையும் இடத்தில் யாரோ ஒருவருடைய பங்கு குறைகிறது. அந்தக் குறைவை அரசோ அமைப்போ ஏற்குமானால் நாம் கூச்சமின்றி வாங்கலாம். தைத்தவரின் கூலியிலிருந்தே அது கழியுமானால், நாம் கொடுத்ததாக நினைத்து நெகிழ்ந்த அந்த நேரத்தில் உண்மையில் கொடுத்தவர் அவர், பெற்றுக்கொண்டவர்கள் நாம். இல்லாதவரின் உழைப்பைத் தானமாக வாங்கிக்கொண்டு, அதற்கு நம் ஈகை என்று பெயர் சூட்டியிருக்கிறோம். கொடுப்பவர் மனம் எவ்வளவு குளிர்ந்தது என்பது ஈகைக்கு அளவாகாது. சேர வேண்டியவரிடம் எவ்வளவு சேர்ந்தது என்பதே அதன் அளவு.

அடுத்த முறை சீட்டைப் படித்ததோடு நின்றுவிடாமல், குறைந்தது யார் பங்கு என்று ஒரு வார்த்தை கேட்போம். தைத்தவர் பங்கு என்றால், முழு விலையையும் கொடுத்து வாங்குவோம்.