நான்கு நிமிஷ சாம்பியன்

நீங்கள் எப்போதாவது நான்கே நான்கு நிமிஷம் சாம்பியனாக இருந்திருக்கிறீர்களா?

சிரிக்காதீர்கள். ஜெர்மனியில் ஒரு ஊரே அப்படி இருந்திருக்கிறது. 2001-ம் வருஷம், மே 19, சனிக்கிழமை. ஊரின் பெயர் கெல்சன்கிர்ஷன். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளின் ஊர். அவர்கள் உயிரை விடும் கால்பந்து அணி, ஷால்கே. அந்த அணி ஜெர்மன் சாம்பியனாகி அன்றைக்கு 43 வருஷம் ஆகியிருந்தது. கடைசியாக ஜெயித்தது 1958-ல்!

ஜெர்மனியின் முதல் டிவிஷனான பண்டஸ்லிகாவில் நம்ம ஐ.பி.எல். மாதிரி கடைசியில் ஃபைனல் எல்லாம் கிடையாது. 18 அணிகள், ஆளுக்கு 34 ஆட்டங்கள். வருஷ முடிவில் யாரிடம் அதிகப் புள்ளி இருக்கிறதோ, அவருக்கே பட்டம். அந்த சீஸனில் பணக்கார அணியான பேயர்ன் மியூனிக்கே 9 ஆட்டங்களில் தோற்றது. ஷால்கே, மியூனிக்குக்கே போய் பேயர்னை 3-1 என்று உதைத்துவிட்டு வந்தது. மூன்று கோலையும் அடித்தவர் எபே சாண்ட் என்கிற டென்மார்க்காரர். 32 ஆட்டங்கள் முடிந்தபோது ஷால்கேதான் முதலிடம். 33-வது ஆட்டத்தில், கடைசி நிமிஷத்தில் ஒரு கோல் வாங்கித் தோற்றார்கள். அதே நேரம் பேயர்ன் வேறொரு மைதானத்தில் கடைசி நிமிஷத்தில் கோல் போட்டு ஜெயித்தது. பேயர்ன் 62 புள்ளி, ஷால்கே 59.

மிச்சம் ஒரே ஒரு ஆட்டம். ஷால்கே ஜெயிக்க வேண்டும். ஹாம்பர்க்கில் ஆடும் பேயர்ன் தோற்க வேண்டும். இரண்டும் நடந்தால் புள்ளி சமம். கோல் வித்தியாசத்தில் பட்டம் ஷால்கேவுக்கு.

ஷால்கே முதலில் 0-2 என்று பின்தங்கி, அப்புறம் எழுந்து 5-3 என்று ஜெயித்தது. ஹாம்பர்க்கில் 90-வது நிமிஷம் வரை கோலே இல்லை. 90-வது நிமிஷத்தில் ஹாம்பர்க்கின் பார்பரெஸ் தலையால் ஒரு முட்டு முட்டினார். கோல்! பேயர்ன் 0-1.

செய்தி கெல்சன்கிர்ஷனுக்கு வந்து சேர்ந்தது. கூடவே இன்னொரு செய்தியும் வந்தது: 'ஹாம்பர்க்கில் ஆட்டம் முடிந்துவிட்டது.' ஒரு டி.வி. நிருபர் சொன்னார், அது வாய்க்கு வாய் பரவியது. அவ்வளவுதான். 60,000 பேருக்கு மேல் இருந்த மைதானத்தில் வேலியெல்லாம் தாண்டி ஜனம் உள்ளே குதித்தது. பெரிய மீசைக்காரர்கள் எல்லாம் குழந்தை மாதிரி அழுதார்கள். முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வானவேடிக்கை வெடித்தது.

ஆனால், ஹாம்பர்க்கில் ஆட்டம் முடியவில்லை.

கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஹாம்பர்க் ஆட்டக்காரர் ஒருவர் காலால் தள்ளிய பந்தை, அவர்களின் கோல்கீப்பர் ஷோபர் கையால் எடுத்தார். சொந்த ஆள் வேண்டுமென்றே உதைத்துக் கொடுத்த பந்தை கோல்கீப்பர் கையால் தொடக் கூடாது என்பது 1992-ல் வந்த விதி. நடுவர் விசில் ஊதினார். கோலுக்குப் பக்கத்திலேயே பேயர்னுக்கு ஃப்ரீ கிக். எஃபன்பெர்க் தட்டிவிட, ஸ்வீடன்காரர் ஆண்டர்சன் உதைத்தார். அத்தனை கால்களுக்கும் நடுவே எப்படியோ புகுந்து பந்து உள்ளே போனது. 1-1. பேயர்ன் 63, ஷால்கே 62.

இதில் ஒரு கொடுமை பாருங்கள். அந்த கோல்கீப்பர் ஷோபர், ஷால்கே அணி ஹாம்பர்க்குக்கு இரவல் கொடுத்திருந்த ஆள்! ஷால்கே மைதானத்தின் பெரிய திரையில் ஹாம்பர்க் காட்சி ஓட, கொண்டாடிக்கொண்டிருந்த ஜனம் அப்படியே நின்று அந்த கோலைப் பார்த்தது. ஷால்கேயின் மேலாளர் ருடி அசாவர், இனிமேல் கால்பந்துக் கடவுளை நம்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

இதை நான் பல வருஷம் கழித்து வீடியோவில்தான் பார்த்தேன். பார்த்ததில் இருந்து ஒரு கேள்வி குடைகிறது. அந்த நான்கு நிமிஷ சந்தோஷம் நிஜமா, பொய்யா? அதை வாழ்ந்த கணக்கில் சேர்ப்பதா, அடித்துவிடுவதா?

நான் படித்தது பி.காம். முதல் வருஷமே எங்கள் அக்கவுன்டன்ஸி ஆசிரியர் போர்டில் எழுதிப்போட்ட பாடம் இது: 'வராத லாபத்தை எழுதாதே. வரக்கூடிய நஷ்டத்தை இன்றைக்கே எழுது.' கையிருப்புச் சரக்கை வாங்கின விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ, அதில்தான் போட வேண்டும். கணக்குப் புத்தகத்துக்கு இது தங்கமான விதி. தப்பாக ஒரு பதிவு போட்டுவிட்டால், எதிர்ப்பதிவு போட்டு நேர் செய்துவிடலாம். அப்படிப் பார்த்தால் ஷால்கே ஜனங்களின் நான்கு நிமிஷம் ஒரு தப்பான பதிவு. ஆண்டர்சன் போட்ட கோல்தான் எதிர்ப்பதிவு. பாக்கி பூஜ்யம்.

ரொம்ப நாள் நானும் இந்தக் கட்சிதான். அதற்குக் காரணம் கால்பந்து இல்லை. என் அப்பா.

2009-ல் அப்பாவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. சதைத் துண்டை எடுத்து ஒரு லேபுக்கு அனுப்பினோம். 'பயப்பட ஒண்ணுமில்லை' என்று ரிப்போர்ட் வந்தது. அப்பா அன்றைக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு மகாபலிபுரம் போனார். மறுநாள், பத்து வருஷமாக 'வாங்கணும் வாங்கணும்' என்று சொல்லிக்கொண்டே இருந்த பிரம்பு நாற்காலியை வாங்கி பால்கனியில் போட்டார். காலையில் பேப்பர், சாயங்காலம் ரேடியோ. ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஆறாவது நாள் லேபிலிருந்து போன். ரிப்போர்ட் மாறிவிட்டதாம். அது வேறு யாரோ ஒருவருடையதாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. லேபுக்குப் போய்க் கத்தினேன். வீட்டுக்கு வந்தும் கத்தினேன். "ஆறு நாள் நம்மள முட்டாளாக்கிட்டாங்கப்பா. அத்தனையும் பொய்!" என்றேன். அப்பா அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "லேப்காரனைத் திட்டு, நியாயம். அந்த ஆறு நாளை ஏண்டா திட்டறே? இப்ப என்ன, நாற்காலியைத் திருப்பிக் குடுத்துடட்டுமா?"

அப்போது எனக்கு அது வீம்பாகத்தான் பட்டது. அப்பா அதற்கப்புறம் நாலு வருஷம் இருந்தார். ஷால்கே வீடியோவைப் பார்த்த ராத்திரிதான், அவர் சொன்னது வேறு மாதிரி காதில் விழுந்தது.

பொய்யானது எது? செய்தி. 'ஆட்டம் முடிந்தது' என்ற மூன்று நொடிச் செய்தி மட்டும்தான் பொய். அந்த ஜனம் எதற்காக அழுதது? முந்தின சீஸனில் பட்டியலின் அடிப்பாதியில் கிடந்த தங்கள் அணி இந்த வருஷம் எழுந்து நின்றதே, அதற்காக. பேயர்னை அதன் ஊரிலேயே அடித்ததே, அதற்காக. 0-2 என்று கிடந்து 5-3 என்று முடித்ததே, அதற்காக. இதில் எதையாவது ஆண்டர்சனின் கோல் அழித்ததா? கோப்பை போனது, சரி. மற்றதெல்லாம் நடந்தது நடந்ததுதானே!

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். அதே நான்கு நிமிஷம் பேயர்ன்காரர்கள் என்ன நிலையில் இருந்தார்கள்? பட்டம் போயிற்று என்ற துக்கத்தில். கணக்குப்படி பார்த்தால் அந்தத் துக்கமும் பொய்தான். ஆனால், 'ஐயோ, நான்கு நிமிஷம் அநாவசியமாகத் துக்கப்பட்டார்களே, ஏமாளிகள்' என்று யாராவது சொல்கிறோமா? மாட்டோம். முன்கூட்டியே துக்கப்பட்டால் அவன் விவரமானவன். முன்கூட்டியே சந்தோஷப்பட்டால் அவன் அசடு. எங்கள் வாத்தியார் லெட்ஜருக்குச் சொன்ன விதியை நாம் மனசுக்கும் போட்டுவிட்டோம்!

'அப்படியானால், பொய் சொல்லி எல்லோரையும் சந்தோஷப்படுத்தலாமே?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கூடவே கூடாது. டாக்டரிடம் நான் கேட்டேன், "இந்த ஆறு நாள் தாமதத்தால் ஏதாவது கெட்டதா?" என்று. "ஆறு நாள்ல ஒண்ணும் ஆயிடலை" என்றார். ஆறு மாசமாக இருந்திருந்தால்? நினைத்தாலே நடுங்குகிறது. ஆகவே, அந்த விதி வேண்டியதுதான். யாருக்கு வேண்டும் என்பதில்தான் நாம் தப்புப் பண்ணுகிறோம். சொல்கிறவனுக்கு வேண்டும். லேபில் கையெழுத்துப் போடுகிறவருக்கு, மைக் பிடிக்கிறவருக்கு, 'உங்க பையனுக்கு வேலை நிச்சயம்' என்று வாக்குக் கொடுக்கிறவருக்கு. அவர்கள் ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். பேனா பிடிக்கிற எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கேட்கிறவனுக்கு அந்த விதி தேவையில்லை. நம்பத் தகுந்த இடத்திலிருந்து நல்ல செய்தி வந்தால், ஒரு மனுஷன் சந்தோஷப்படுவது குற்றம் இல்லை. அப்புறம் உண்மை வந்து கதவைத் தட்டும்போது திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் கடமை. அப்பா மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். ஷால்கே ஜனமும் திரையில் பார்த்ததை ஏற்றுக்கொண்டு, அழுதுவிட்டு வீடு போய்ச் சேர்ந்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை, மே 26. பெர்லினில் ஜெர்மன் கோப்பைக்கான ஃபைனல். ஒரு வாரம் முன்பு இடிந்துபோன அதே அணி களம் இறங்கி யூனியன் பெர்லினை 2-0 என்று ஜெயித்தது. நான்கு நிமிஷ சந்தோஷம் அவர்களை முடமாக்கவில்லை. பேயர்னும் சும்மா இல்லை. நடுவில் மே 23-ம் தேதி ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக்கையே தூக்கிவிட்டது. ரெக்கார்டு புத்தகத்தில் 2001-ன் ஜெர்மன் சாம்பியன் பேயர்ன்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால், 'இதயங்களின் சாம்பியன்' என்று ஜெர்மனியில் சொன்னால், அது இன்றைக்கும் ஷால்கேதான். ஷால்கேவுக்கு 1958-க்கு அப்புறம் அந்தப் பட்டம் கிடைக்கவே இல்லை. நடுவில் 2021-ல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கும் அளவுக்கு நொடித்தும் போனார்கள். அன்றைக்கு மைதானத்தில் இருந்த ஒரு பெரியவர் அந்த நான்கு நிமிஷத்தை வேண்டாம் என்று அடித்திருந்தால், 43 வருஷக் காத்திருப்புக்கு அவர் கையில் மிஞ்சியிருப்பது என்ன?

பிரம்பு நாற்காலி இப்போது என் வீட்டு பால்கனியில் இருக்கிறது. ஒரு கை கொஞ்சம் பிய்ந்துவிட்டது. 'புதுசு வாங்கலாமே' என்கிறார்கள் வீட்டில்.

அது இருக்கட்டும். உங்கள் கணக்கில் நீங்கள் அடித்துப்போட்டது எத்தனை நாள்? பெண் பார்க்க வந்து 'சரி' என்று சொல்லிவிட்டு அப்புறம் மாறியவர்கள், வந்ததாகச் சொல்லி வராமல் போன பிரமோஷன்... நடுவில் நீங்கள் சிரித்த அந்த நாட்கள். சொன்னவர்களைத் திட்டுங்கள், தாராளமாக. அந்த நாட்களை மட்டும் திரும்ப எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவை உங்களுடையவை.