அறைவாசிகளிடம் இருக்கும் பாதி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருக்காலைகளிலும் உருட்டாலைகளிலும் வேலை பார்ப்பவர்களில் கணிசமானோர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். ஓர் அறையை நாலைந்து பேர் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஷிப்ட் மாறி மாறித் தூங்கி, வருடக்கணக்கில் இங்கேயே இருந்துவிடுகிறார்கள். அவர்களில் ஒருவர் இறந்துபோனால் உடல் சொந்த ஊருக்குப் போய்ச் சேர்கிறது. அவரது இளமைக்காலம் அங்கே தாயிடமும் உடன்பிறந்தவர்களிடமும் இருக்கிறது. அதற்குப் பிந்தைய காலம், அவரோடு ஒரே பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிட்டவர்களிடம் இருக்கிறது. இந்த இரண்டு பாதிகளும் பெரும்பாலும் சந்திப்பதே இல்லை.

ஆன்மா உண்டென்று நம்புகிறவருக்கு, எல்லாம் எங்கோ பத்திரமாக இருக்கிறது என்ற ஆறுதல் உண்டு. நம்பாதவருக்கு அது கிடையாது. நினைவு என்பது மூளையின் நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகளில் பதிந்திருப்பது. ரத்த ஓட்டம் நின்ற சில நிமிடங்களில் அந்த அணுக்கள் சிதையத் தொடங்கிவிடும். அவர் பார்த்ததும் கேட்டதும் அவரோடு முடிந்தது. மிஞ்சுவது அவரைப் பற்றிப் பிறர் வைத்திருக்கும் நினைவு மட்டுமே.

அந்த நினைவும் நிலைப்பதில்லை. கும்மிடிப்பூண்டி இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்கருவிகளைக் கண்டார். அங்கே பின்னர் அகழாய்வு செய்த சாந்தி பப்பு குழுவினர், மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் அறிவித்தார்கள். அந்தக் கல் எந்தப் பக்கமிருந்து தட்டப்பட்டது என்பதைக்கூட இன்று சொல்லிவிட முடிகிறது. தட்டியவர் எதற்கு அஞ்சினார், யாருக்காக அழுதார் என்பதில் ஒரு துளியும் மிஞ்சவில்லை. கடைசியில் எல்லாம் மறக்கப்படும் என்றால் இப்போது நினைவைச் சுமந்து என்ன பயன் என்று கேட்கலாம். ஆனால் மகனை இழந்த தாய் 15 லட்சம் ஆண்டுக் கணக்கில் வாழ்வதில்லை. அவன் இங்கே எப்படி இருந்தான் என்பது அவளுக்கு இந்த மாதமே தெரிய வேண்டும்.

கடவுள் மறுப்பாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். சுயமரியாதைக் குடும்பங்கள் கருமாதியையும் திதியையும் விலக்கிவிட்டு, அந்த இடத்தில் படத்திறப்பை வைத்தன. தோழர்கள் ஒவ்வொருவராக எழுந்து, இறந்தவர் செய்ததைச் சொல்வார்கள். வீட்டாருக்கே தெரியாத ஒரு மனிதரை அன்று வீட்டார் தெரிந்துகொள்வதுண்டு. மந்திரத்தைவிட இது மேலான மரியாதை. வெளிமாநிலத் தொழிலாளிக்கு அப்படியொரு கூட்டம் வாய்ப்பதில்லை. வேலையில் விபத்து நேர்ந்து தொழிலாளி இறந்தால் நெருங்கிய உறவினருக்குத் தெரிவிக்க வேண்டியது ஒப்பந்ததாரரின் கடமை என்று 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கு இடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் சொன்னது. சாவுச் செய்தியைச் சொல்லத்தான் சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியும்.

வாழ்ந்ததைச் சொல்ல வேண்டியவர்கள் அறைவாசிகள். சிக்கலும் அங்கேதான். உலைக்குப் பக்கத்தில் நின்றவர் வீட்டில் "ஸ்டோரில் வேலை" என்று சொல்லியிருக்கலாம். குடித்ததை, கடன் வாங்கியதை, ஒருத்தியைக் காதலித்ததை மறைத்திருக்கலாம். இறந்தவருக்கு இனி வலிக்காது என்பதால் எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா? கூடாது. வீட்டார் மனம் நோகாதிருக்க அவர் மறைத்ததை மறைவாகவே விடுவது, உயிரோடிருந்தபோது அவர் எடுத்த முடிவை மதிப்பது. அவரது கைப்பேசியைத் திறந்து பார்க்கவும் அறைவாசிக்கு உரிமை இல்லை. ஆனால் மறைப்பு யாருக்குப் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டும். ஸ்டோரில்தான் இருந்தார் என்ற அந்த அன்பான பொய், உலையடியில் நேர்ந்த சாவை மூடி மறைக்க நிர்வாகத்துக்கு உதவுமானால், அது இனி அவருடைய ரகசியமல்ல. அப்போது பேசாமலிருப்பது அவர் குடும்பத்துக்குச் செய்யும் அநீதி.

பேசினால் வேலை போகும் என்று அறைவாசி பயப்படுவார். அந்தப் பயம் நியாயமானது. ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் அவருக்கும் இருக்கிறது. அன்றே, ஆலை வாசலில் நின்றுதான் சொல்ல வேண்டும் என்பதில்லை. இழப்பீடு கோர 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் வைத்தது. வேறு ஆலைக்கு மாறிய பிறகோ, விடுப்பில் ஊருக்குப் போகும்போது அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோ, தொழிற்சங்கத்தார் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டோ அவர் சொல்லலாம். அந்தக் கெடுவுக்குள் சொல்லிவிட வேண்டும்.