நிழலை மூடாத நிறம்



இன்று நவம்பர் 2, கல்லறைத் திருநாள். ஊரில் இருந்தால் இந்நேரம் கல்லறைக்கு வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருப்போம். நாம் இருப்பதோ டெல்லி ஜனக்புரியில். அப்பா அம்மாவைப் புதைத்த மண் இரண்டு நாள் ரயில் தூரம். நம்மில் பலருக்கு, மாதா படத்துக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டியிருக்கும் போட்டோதான் கல்லறை.

வீடு மந்திரிக்க வரும்போது அந்தப் படங்களை உற்றுப் பார்ப்பது என் வழக்கம். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் சிலவற்றில் கன்னத்தில் ரோஸ், சேலையில் பச்சை, சங்கிலியில் மஞ்சள் ஏறியிருக்கும். கலர் பிலிம் பரவுவதற்கு முன்பு ஸ்டூடியோக்களில் கையாலேயே போட்ட நிறம் அது. 1880 முதல் 1980 வரை தமிழக ஸ்டூடியோக்கள் எடுத்த படங்களைத் தேடி, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் டிஜிட்டலில் பதிந்து வைத்திருக்கிறது. அவ்வளவு பெரிய உலகம்! இறந்தவரை நாற்காலியில் சாய்த்து எடுத்த படத்தில், மூடிய கண்ணைத் தூரிகையால் திறந்து வைப்பதும் அந்த நாளில் ஸ்டூடியோ வேலைதான்.

நிறம் போடுவதில் இரண்டு வழி உண்டு. ராஜஸ்தானத்து நாத்துவாராவில், கோயிலுக்குச் சித்திரம் எழுதி வந்த பரம்பரை ஓவியர்கள் போட்டோ மேலேயே கெட்டியாக வண்ணம் பூசினார்கள். உடுப்பு, நகை, பின்னணி எல்லாம் புதிது. முகம் மட்டும் போட்டோவாக மிஞ்சும், சிலதில் அதுவும் மிஞ்சாது. பார்க்க அழகாக இருக்கும், மறுக்கவில்லை.

மற்றொரு வழியை நம் பங்கிலேயே பார்த்தேன். ரிட்டயர் ஆன ஒருவர் பொழுதுபோக்காகச் செய்கிறார். மூலப் படத்தில் கை வைப்பதில்லை (நீங்களும் வைத்துவிடாதீர்கள்), பிரதி எடுத்து மேட் பேப்பரில் பிரின்ட் போட்டுக்கொள்கிறார். பளபளப்பான தாளில் நிறம் பிடிக்காமல் வழுக்குமாம். பல் குத்தும் குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஆயில் கலரை மிளகளவு தொட்டு, கன்னத்தில் வட்டமாகத் தேய்க்கிறார். உடனே சுத்தமான பஞ்சால் அதில் முக்கால்வாசியைத் துடைத்தும் எடுத்துவிடுகிறார்! மிஞ்சுவது ஒரு சாயல்தான். அடியில் இருக்கும் கறுப்பும் சாம்பலும் அப்படியே தெரிகின்றன. அன்று அவர் கையில் இருந்தது அவருடைய அம்மா படம். நோயில் ஒட்டிப்போன கன்னம். “இந்தக் குழியைக் கொஞ்சம் நிரப்பிவிடலாமே” என்றேன். “நிழலை மூடினா அது எங்கம்மா இல்ல ஃபாதர்” என்றார்.

இப்போது முதல் வாசகத்துக்கு வருவோம். மக்கபேயர் இரண்டாம் நூல், 12ஆம் அதிகாரம். படைத்தலைவர் யூதா, போரில் இறந்த தன் வீரர்களின் உடல்களை அடக்கம் செய்ய எடுக்கிறார். அங்கிக்கு அடியில் யாம்னியா ஊர்ச் சிலைகளின் தாயத்துகள்! கடவுளுக்காகப் போரிட்டு விழுந்தவர்கள், உள்ளே ஒளித்து வைத்திருந்தது இது. அங்கியை இழுத்து மூடிவிட்டு, “வீரர்கள், தியாகிகள்” என்று சொல்லிவிட்டு யூதா போயிருக்கலாம். இல்லை, துரோகிகள் என்று அப்படியே விட்டிருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. எல்லாரும் அவர்களுக்காக மன்றாடினார்கள். 2,000 திராக்மா வெள்ளி வசூலித்து, பாவப் பரிகாரப் பலிக்கென்று எருசலேமுக்கு அனுப்பினார்.

நாம் என்ன செய்கிறோம்? அடக்கத்தன்று மைக்கைப் பிடித்தவுடன் கெட்டி வண்ணத்தை எடுத்துவிடுகிறோம். குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்த அப்பா, “குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்” ஆகிவிடுகிறார். “நேரே மோட்சம்தான் போயிருப்பார்” என்கிறோம். சரி, நேரே போய்விட்டவருக்குப் பூசை எதற்கு, செபம் எதற்கு? அவரைப் புகழ்ந்து புகழ்ந்தே, உத்தரிக்கிற ஸ்தலத்தில் தனியாக விட்டுவிடுகிறோம். நம் செபம் அவருக்குத் தேவை என்று நாம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றால், அவரிடம் இருந்த நிழலையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதற்கு நேர்மாறானவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். அப்பா பேச்சையே எடுப்பதில்லை, படத்தைப் பெட்டிக்கு அடியில் போட்டிருக்கிறீர்கள். உங்களை நான் கடிந்துகொள்ள மாட்டேன். உங்கள் காயத்துக்குக் காரணம் உண்டு. ஆனாலும் அந்த மனிதர் ஒரு நாளாவது உங்களைத் தோளில் தூக்கிப் பெருநாள் சப்பரம் காட்டியிருப்பார். அந்த அளவு நிறத்தையாவது அவருக்குக் கொடுக்க முடியுமா, பாருங்கள். துடைத்தபின் மிஞ்சுவது போதும்.

உயிர்த்த ஆண்டவரின் கையில் ஆணித் தழும்பு போகவில்லை. நம்ம மயிலாப்பூர் தோமா அதைத்தான் பார்த்தார். மகிமையான உடலிலேயே தழும்பை மறைக்காத கடவுளிடம், நம் அப்பாவை அலங்கரித்துக் கொண்டுபோய்க் காட்ட என்ன அவசியம்?

மன்றாட்டுக்கு முன்பு பெயர்களை வாசிக்கப் போகிறேன். உபதேசியார் கையில் இன்னும் வெற்றுச் சீட்டுகள் இருக்கின்றன. யார் பெயரை எழுதாமல் வந்தீர்களோ, அந்தப் பெயரை எழுதிக் கொடுங்கள். பட்டப்பெயர் ஒன்றும் வேண்டாம், ஞானஸ்நானப் பெயர் போதும்.